ஏழு வருடக் கணக்கு
கல்லூரி வாசலில் பெங்களூர்த் தமிழ்ப் பெற்றோர்

பெங்களூருக்குப் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்களில் நெடுநாளாக ஒரு வழக்கம் உண்டு. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போவார்கள். வீடு என்பது ஓர் அறை, ஒரு சமையல் தடுப்பு. குழந்தைக்கு மூன்று வயதானதும் ஊரில் பாட்டியிடம் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். தர்மபுரிப் பக்கமோ, திருப்பத்தூரோ, கள்ளக்குறிச்சியோ, எங்கோ ஒரு கிராமம். பிள்ளை அங்கேயே ஊர்ப் பள்ளியில் சேரும். பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் பெற்றோர் போய்ப் பார்த்து வருவார்கள். எட்டாவதோ ஒன்பதாவதோ வரும்போது, "இனிமேல் நம்மோடு இருக்கட்டும், இங்கே நல்ல காலேஜ் இருக்கிறது" என்று அழைத்து வருவார்கள்.

பண நெருக்கடியில் செய்கிற காரியம் இது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பிள்ளை இரண்டாம் பி.யூ.சி. படிக்கும் வருடம், பொது நுழைவுத் தேர்வு விண்ணப்பத்தை நிரப்ப உட்காரும்போதுதான் விஷயம் வெளியே வருகிறது. "கர்நாடகத்தில் எத்தனை வருடம் படித்தாய்?" என்று விண்ணப்பம் கேட்கிறது. தகப்பனார் இருபது வருடமாக இந்த ஊரில் வாடகை கொடுக்கிறார், வரி கட்டுகிறார், வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறது. விண்ணப்பம் அதையெல்லாம் கேட்பதில்லை. பிள்ளை படித்த வருடங்களைத்தான் கேட்கிறது.

கே.இ.ஏ. என்று எல்லோரும் சொல்லும் கர்நாடகத் தேர்வுகள் ஆணையத்தின் அலுவலகம் மல்லேசுவரம் சம்பிகே சாலையில், 18வது கிராஸ் அருகில் இருக்கிறது. என்ஜினீயரிங், மருத்துவம், விவசாயம், பார்மசி போன்ற படிப்புகளில் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் இதன் வழியாகத்தான் நிரப்பப்படுகின்றன. அந்த இடங்களுக்கான தகுதி விதிகளை 'கிளாஸ்' என்று எழுத்து வாரியாகப் பிரித்திருக்கிறார்கள். பெரும்பாலோர் நுழைவது 'ஏ' என்ற முதல் விதியில். ஒன்றாம் வகுப்பு முதல் இரண்டாம் பி.யூ.சி. வரையிலான பன்னிரண்டு வருடத்தில் குறைந்தது 7 கல்வி ஆண்டுகள் கர்நாடகத்தில் அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியில் படித்திருக்க வேண்டும், எஸ்.எஸ்.எல்.சி. அல்லது இரண்டாம் பி.யூ.சி. தேர்வை இந்த மாநிலத்தில் எழுதித் தேறியிருக்க வேண்டும். ஒரே வகுப்பில் இரண்டு வருடம் உட்கார்ந்தாலும் அது ஒரு வருடமாகவே கணக்கு.

விரல் விட்டு எண்ணிப் பார்க்கலாம். ஆறாம் வகுப்பிலிருந்து இங்கே படித்தால் 6, 7, 8, 9, 10, முதல் பி.யூ.சி., இரண்டாம் பி.யூ.சி.: சரியாக ஏழு. ஏழாம் வகுப்பில் அழைத்து வந்தால் ஆறு. ஒன்று குறைகிறது. அந்த ஒன்றை எந்த அதிகாரியாலும் கூட்டிக் கொடுக்க முடியாது. ஆக, பாட்டி வீட்டில் வளரும் பிள்ளையை எந்த வயதில் அழைத்து வருவது என்பதைப் பலர் வீட்டுச் சௌகரியத்தை வைத்துத் தீர்மானிக்கிறார்கள். அதில் கல்லூரி இடமும் அடங்கியிருக்கிறது என்பது அப்போது தெரிவதில்லை. ஐந்தாவது முடிந்த கோடை விடுமுறைதான் கடைசி ரயில்.

ஒரு வருடம் குறைந்தால் என்ன நஷ்டம்? தனியார் என்ஜினீயரிங் கல்லூரிகளில் பெரும்பாலும் நூற்றுக்கு 45 இடம் அரசு ஒதுக்கீடு, 30 இடம் காமெட்-கே தேர்வு வழி, மீதி நிர்வாக ஒதுக்கீடு என்று பிரிகிறது. அரசு ஒதுக்கீட்டில் தகுதியில்லாத பிள்ளைக்குக் காமெட்-கே உண்டு, நிர்வாக ஒதுக்கீடு உண்டு. கதவு முழுவதும் சாத்தப்படுவதில்லை. ஆனால் ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில் உட்காரும் இரண்டு பிள்ளைகளின் வருடக் கட்டணத்தில் லட்சக் கணக்கில் வித்தியாசம் வந்துவிடும். 1917ல் ஆரம்பித்த விசுவேசுவரய்யா என்ஜினீயரிங் கல்லூரி போன்ற குறைந்த கட்டண இடங்கள் அரசு ஒதுக்கீட்டுக்காரர்களுக்கே. மாதச் சம்பளக்காரருக்கு இது நான்கு வருடக் கடன்.

தகப்பனார் படித்த பள்ளி

'பி' என்று ஒரு விதி இருக்கிறது. நம்மவர்களில் பலருக்கு இது தெரிவதில்லை. பிள்ளை முதல் பி.யூ.சி., இரண்டாம் பி.யூ.சி. இரண்டையும் கர்நாடகத்தில் படித்துத் தேறியிருந்து, தாய் தந்தையரில் ஒருவர் கர்நாடகத்தில் 7 வருடம் படித்திருந்தால், பிள்ளைக்குத் தகுதி கிடைக்கிறது. ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் மர்பி டவுனிலும் பிறந்து வளர்ந்த இரண்டாம் தலைமுறைத் தமிழர்களுக்காகவே செய்த விதி போலிருக்கிறது. ஒன்றாவதிலிருந்து ஏழாவது வரை படித்துவிட்டு மில் வேலைக்குப் போனவர்கூட இதில் தேறிவிடுவார். பள்ளிப் படிப்பை முடிக்கவில்லையே என்று வெட்கப்பட்டவரின் ஏழாம் வகுப்பு, மகனுக்கு என்ஜினீயரிங் இடம் வாங்கித் தருகிறது.

சர்டிபிகேட் எடுப்பதில்தான் சங்கடம். முப்பது வருடத்துக்கு முன் படித்த தமிழ்வழிப் பள்ளி இப்போது இருக்குமா? பல இடங்களில் தமிழ்ப் பிரிவை மூடிவிட்டார்கள். சில பள்ளிகள் வேறு பள்ளியோடு சேர்ந்துவிட்டன. பழைய சேர்க்கைப் பதிவேடு யாரிடம் போயிற்று என்று வட்டாரக் கல்வி அதிகாரியான பி.இ.ஓ. அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும். பள்ளித் தலைமை ஆசிரியர் எழுதித் தரும் படிப்புச் சான்றிதழில் பி.இ.ஓ.வின் மேலொப்பமும் வேண்டும். "நாளெ பன்னி" என்ற இரண்டு கன்னடச் சொல்லைப் பெங்களூரில் எந்தத் தமிழரும் அகராதி இல்லாமலே கற்றுக்கொள்வார். 1990களில் பேயை விரட்ட இந்த ஊர் வீட்டுக் கதவுகளில் 'நாளே பா' என்று எழுதி வைத்தார்களாம். சில அலுவலக ஜன்னல்களில் அது இன்னும் எழுதப்படாமலே இருக்கிறது. ஆகையால் இந்த வேலையை மகன் முதல் பி.யூ.சி. சேர்ந்த மாதமே தொடங்கிவிடுவது உத்தமம். தேர்வு முடிந்து, சான்றிதழ் சரிபார்ப்புக்கு நாள் குறித்த பிறகு ஓடுவது வீண் அலைச்சல்.

இப்போது பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு எஸ்.ஏ.டி.எஸ். என்ற மாணவர் எண் உண்டு. அவர்கள் எந்த வகுப்பில் எங்கே படித்தார்கள் என்பது கணினியில் பதிவாகிறது. அந்தப் பதிவில் ஏதாவது ஒரு வருடம் விட்டுப்போயிருக்கிறதா என்று பத்தாம் வகுப்பிலேயே பள்ளியில் கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

ரயில்வே, தபால், பொதுத்துறைத் தொழிற்சாலைகள், பட்டாளம் ஆகியவற்றில் இருப்பவர்களுக்கு வேறு விதிகள் உண்டு. இந்தியாவில் எங்கும் மாற்றலுக்கு உட்பட்ட மத்திய அரசு ஊழியரின் பிள்ளைகள், ராணுவத்தினரின் பிள்ளைகள் ஆகியோருக்கு, பெற்றோர் கர்நாடகத்தில் எவ்வளவு காலம் வேலை பார்த்தார், பிள்ளை பன்னிரண்டாவதை எங்கே எழுதியது என்பதை வைத்துத் தகுதி கணக்கிடுகிறார்கள். ஒவ்வொரு விதிக்கும் நிபந்தனைகள் தனி. ஆணையம் வருடந்தோறும் வெளியிடும் விளக்கப் புத்தகத்தை ஆபீசில் ஒருவர் அச்செடுத்து வைத்தால் பத்துக் குடும்பத்துக்கு உதவும். பக்கத்து மேஜைக்காரர் போன வருடம் சொன்னதை நம்பி விண்ணப்பிப்பது ஆபத்து.

இந்த விதிகளில் ஒரு வேடிக்கையும் உண்டு. நுழைவுத் தேர்வை ஒட்டி 50 மதிப்பெண்ணுக்குக் கன்னட மொழித் தேர்வு ஒன்று நடக்கிறது. அதைக் கேட்டதும், "தமிழ்ப் பிள்ளைகளுக்குத்தான் இந்தச் சோதனை" என்று பலர் பயந்துவிடுகிறார்கள். அப்படியில்லை. வெளி மாநிலத்தில் வாழும் கன்னடத்தாருக்கும், காசர்கோடு, சோலாப்பூர் போன்ற எல்லைப் பகுதிக் கன்னடத்தாருக்கும் வைத்த தேர்வு அது. கன்னடம், துளு, கொடவ மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் அதில் தேறி, தாங்கள் கன்னடத்தார் என்று காட்டி இடம் கேட்கலாம். சிவாஜிநகரில் பிறந்து வாளியில் தண்ணீர் பிடிக்கும்போதே கன்னடத்தில் சண்டை போடத் தெரிந்த தமிழ்ப் பிள்ளை, ஏழு வருடம் குறைந்தால், இந்தக் கன்னடத் தேர்வை எழுதித் தப்பிக்க முடியாது.

தேர்வு வந்த கதை

முன்பெல்லாம் பி.யூ.சி. மதிப்பெண்ணை வைத்தே இடம் கொடுத்தார்கள். 1970களிலும் 80களிலும் கர்நாடகத்தில் தனியார் என்ஜினீயரிங், மருத்துவக் கல்லூரிகள் பெருகின. நன்கொடை கொடுத்துச் சேர வட இந்தியாவிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் பெட்டியோடு வந்தார்கள். 1984ல் நன்கொடைத் தடைச் சட்டம் போட்டார்கள். 1992ல் மோகினி ஜெயின் வழக்கிலும், 1993ல் உன்னிகிருஷ்ணன் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. தகுதிப்படி சேர்க்கை என்ற கட்டாயம் வந்ததும் 1994ல் கர்நாடகம் பொது நுழைவுத் தேர்வைத் தொடங்கியது. பிறகு 2002ல் டி.எம்.ஏ. பாய் வழக்கிலும் 2005ல் இனாம்தார் வழக்கிலும் தனியார் கல்லூரிகளுக்குச் சுதந்திரம் கூடிற்று. அந்தக் காலத்தில் கல்லூரிகளின் கூட்டமைப்பாக உருவானதுதான் காமெட்-கே.

இதே சமயம் தமிழ்நாட்டில் நேர் எதிராக நடந்தது. அங்கே 1984ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்த நுழைவுத் தேர்வை 2006ல் சட்டம் போட்டு எடுத்துவிட்டார்கள். 2007 முதல் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே போதும். ஓசூர் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் நுழைவுத் தேர்வு, அந்தப் பக்கம் இல்லை. மருத்துவத்துக்கு மட்டும் இரண்டு பக்கமும் நீட்.

கர்நாடகத் தேர்வில் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் ஒவ்வொன்றுக்கும் 60 கேள்வி, 80 நிமிடம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. ஆகவே தெரியாத கேள்வியையும் விட்டுவிடக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். என்ஜினீயரிங் வரிசை எண்ணுக்கு இந்தத் தேர்வு பாதி, பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றிலும் வாங்கிய மதிப்பெண் பாதி. தேர்வுக்கான தனிப் பயிற்சிக்கு லட்சங்களைக் கொட்டிவிட்டு, பி.யூ.சி. தேர்வைப் பொருட்படுத்தாமல் விடுகிற வீடுகள் உண்டு. கணக்கில் பாதியைத் தெருவில் போட்ட மாதிரிதான். 2024ல் பாடத்திட்டத்துக்கு வெளியே கேள்விகள் வந்துவிட்டன என்று பிள்ளைகள் கூச்சலிட்ட பிறகு ஆணையம் 50 கேள்விகளைக் கணக்கிலிருந்து நீக்கியது. அந்த வருடம் தேர்வெழுதிய வீடுகளில் ஒரு மாதம் யாரும் நிம்மதியாகச் சாப்பிடவில்லை.

நீட் தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்பது உண்மை. ஆனால் மாநில மொழி வினாத்தாள் அந்தந்த மாநிலத்து மையங்களில்தான் கிடைக்கும். பெங்களூர் மையத்தில் கன்னட வினாத்தாள் உண்டு, தமிழ் கிடையாது. ஊரில் தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளை இதை அறியாமல் பெங்களூர் மையத்தைக் குறித்துவிடக் கூடாது. மருத்துவத்தில் நீட் மதிப்பெண் எவ்வளவு உயர்ந்திருந்தாலும், கர்நாடக அரசு இடத்துக்கு அதே ஏழு வருடக் கணக்கு குறுக்கே வந்து நிற்கும்.

எந்த மொழி எடுப்பது?

நுழைவுத் தேர்வுக்கு அடுத்தபடியாக, வீட்டில் அதிகம் சண்டை நடப்பது மொழிப் பாடத்தைப் பற்றித்தான். இதற்கு ஒரு பழைய சரித்திரம் இருக்கிறது. அதை மறந்துவிட்டு இன்றைய நிலையைப் புரிந்துகொள்ள முடியாது.

உயர்நிலைப் பள்ளியில் கன்னடமே ஒரே முதல் மொழியாக இருக்க வேண்டும் என்று வி.கே. கோகாக் தலைமையிலான குழு 1981ல் அறிக்கை கொடுத்தது. அதை அமல்படுத்தக் கோரி 1982ல் நடந்த கிளர்ச்சியில் நடிகர் ராஜ்குமார் இறங்கியதும் மாநிலமே கொந்தளித்தது. அரசு உத்தரவு போட்டது. தமிழ், தெலுங்கு, உருது, மராத்தி பேசும் சிறுபான்மையோர் நீதிமன்றம் போனார்கள். 1989 ஜனவரியில் கர்நாடக உயர் நீதிமன்றம், கன்னடத்தை மட்டும் முதல் மொழியாகக் கட்டாயப்படுத்துவது சரியல்ல என்று தீர்ப்பளித்தது. பின்னர் அரசு வேறு உத்தரவு போட்டது. அதை 1993ல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. பயிற்றுமொழியைப் பெற்றோரே தேர்ந்தெடுக்கலாம் என்பதை 2014 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதிப்படுத்தியது.

அடுத்த வருடமே, 2015ல், கன்னட மொழி கற்றல் சட்டம் வந்தது. பயிற்றுமொழி எதுவாக இருந்தாலும், ஒன்றிலிருந்து பத்தாம் வகுப்பு வரை முதல் மொழியாகவோ இரண்டாம் மொழியாகவோ கன்னடம் படிக்க வேண்டும். முதல் வகுப்பில் தொடங்கி வருடத்துக்கு ஒரு வகுப்பாக அது மேலே ஏறி வந்தது. தமிழ்நாட்டிலும் 2006ல் இதே போன்ற தமிழ் கற்றல் சட்டம் வந்ததை மறந்துவிடக் கூடாது. ஓசூர்ப் பக்கத்துக் கன்னட, தெலுங்கு, உருதுப் பிள்ளைகள் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முன் நீதிமன்றம் போய் விலக்குக் கேட்க வேண்டியிருந்தது. நமக்கு இங்கே உள்ள கவலை அவர்களுக்கு அங்கே.

கன்னடம் படிப்பதில் நம் பிள்ளைகளுக்கு உண்மையில் கஷ்டமில்லை. தெருவில் பேசுகிற மொழி. எழுத்தைக் கற்றுக்கொடுத்தால் இரண்டு வருடத்தில் பிடித்துக்கொள்வார்கள். பிறகு இங்கேயே உத்தியோகம் தேடுகிறவர்களுக்கு அது லாபம், எஸ்.எஸ்.எல்.சி.யில் கன்னடம் படிக்காமல் கர்நாடக அரசு வேலையில் சேர்ந்தவர், பிறகு தனியாகக் கன்னடத் தேர்வு எழுதி மாள வேண்டும். சங்கடம் ஏழாவதிலும் எட்டாவதிலும் புதிதாக வந்து சேரும் பிள்ளைக்குத்தான். 'அ, ஆ' கன்னடத்தில் எழுதத் தெரியாத நிலையில் எட்டாம் வகுப்புக் கன்னடச் செய்யுளைக் கையில் கொடுத்தால் அது என்ன செய்யும்? ஏழு வருடக் கணக்கோடு இந்த மொழிக் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால், பாட்டி வீட்டிலிருந்து சீக்கிரம் அழைத்து வருவது இரண்டு விதத்திலும் நல்லது.

ஆனால் நஷ்டம் தமிழுக்கு வந்துவிடுகிறது. விதிப்படி தமிழ் எங்கும் தடுக்கப்படவில்லை. கர்நாடக எஸ்.எஸ்.எல்.சி.யில் முதல் மொழியாகத் தமிழை எடுத்து 125 மதிப்பெண்ணுக்கு எழுதலாம். பி.யூ.சி.யில் ஆங்கிலத்தோடு இன்னொரு மொழி வேண்டும். அந்தப் பட்டியலில் கன்னடம், தமிழ், தெலுங்கு, மலையாளம், மராத்தி, உருது, இந்தி, சமஸ்கிருதம், அரபி, பிரெஞ்சு எல்லாம் இருக்கின்றன. பட்டியலில் இருந்து என்ன பயன்? சொல்லிக்கொடுக்க ஆசிரியர் வேண்டுமே. ஆங்கிலவழிப் பள்ளியில் முதல் மொழி ஆங்கிலம், இரண்டாவது கன்னடம், மூன்றாவது இந்தி என்று இடம் நிரம்பிவிடுகிறது. தமிழைக் கேட்கும் பெற்றோர் வகுப்புக்கு இரண்டு பேர். இரண்டு பேருக்காக எந்த நிர்வாகமும் ஆசிரியர் வைக்காது. 2011 கணக்கெடுப்பில் கர்நாடகத்தில் தமிழைத் தாய்மொழி என்று பதிவு செய்தவர்கள் 21 லட்சம் பேர். இவர்களில் எத்தனை பேருடைய பிள்ளைகளுக்கு இந்தப் பத்திரிகையை எழுத்துக் கூட்டாமல் வாசிக்கத் தெரியும் என்பதை அவரவர் வீட்டில் சோதித்துக்கொள்ளலாம். 1873ல் ஆற்காடு நாராயணசாமி முதலியார் தண்டுப் பகுதியில் அறக்கட்டளை ஏற்படுத்திப் பள்ளிக்கூடம் வைத்த காலத்தில் இப்படி ஒரு நாள் வரும் என்று நினைத்திருக்க மாட்டார்.

பி.யூ.சி.யில் பிரெஞ்சு எடுக்கும் மோகம் தனி. "மார்க் வாரி வழங்குகிறார்கள்" என்று கேள்வி. அவென்யூ ரோடு கடையில் கணக்கெழுதுகிறவரின் மகனும் சமஸ்கிருதமோ பிரெஞ்சோ எடுத்துத் தொண்ணூறுக்கு மேல் வாங்குகிறான். சந்தோஷம்தான், பாரீசில் இறக்கிவிட்டால் தண்ணீர் கேட்டு வாங்குவானா என்பது வேறு விஷயம். பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்று. என்ஜினீயரிங் வரிசை எண்ணுக்கு மொழிப் பாட மதிப்பெண்ணைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. மொழியில் தேறினால் போதும். பி.காம். போன்ற படிப்பில் மொத்தச் சதவீதம் பார்க்கும் கல்லூரிகளில் அந்த மதிப்பெண் உதவும். என்ஜினீயரிங்குக்குப் போகிற பிள்ளை, மார்க்குக்காக என்று சொல்லித் தமிழை விட்டுப் பிரெஞ்சுக்குப் போக வேண்டிய அவசியம் ஒன்றுமில்லை. கல்லூரியில் தமிழ் வகுப்பு இருந்தால் தைரியமாக எடுக்கலாம்.

பட்டப் படிப்பிலும் மொழி விடாது. 2021 ஆகஸ்டில் பட்ட வகுப்புகளில் கன்னடத்தைக் கட்டாயமாக்கி அரசு உத்தரவு வந்தது. வழக்கில், விருப்பமில்லாதவரை வற்புறுத்தக் கூடாது என்று அதே வருடம் டிசம்பரில் உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. என்ஜினீயரிங்கில் விசுவேசுவரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், கன்னடம் தெரிந்தவருக்கு 'சாம்ஸ்கிருதிக கன்னடம்', தெரியாதவருக்கு 'பளகெ கன்னடம்' என்று சின்னப் பாடம் வைத்திருக்கிறது. பளகெ என்றால் புழக்கம். இதற்காக யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஊருக்கே போய்விடலாமா?

இங்கே தகுதியில்லை என்று தெரிந்தவர்களின் அடுத்த யோசனை தமிழ்நாடு. அங்கே என்ஜினீயரிங் கலந்தாய்வில் நுழைவுத் தேர்வு கிடையாது. எட்டாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களுக்குப் பூர்விகச் சான்று தேவையில்லை. அந்த ஐந்து வருடத்தில் ஏதாவது ஒன்றை வெளியே படித்தவர், தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் என்பதற்குத் தாசில்தாரிடம் பூர்விகச் சான்றிதழ் வாங்கி விண்ணப்பிக்கலாம். ஊரில் வீடும் நிலமும் ரேஷன் கார்டும் இன்னும் வைத்திருப்பவருக்கு இது சுலபம். தாத்தா காலத்தில் பின்னி மில்லுக்கு வந்து, ஊரில் இருந்ததை விற்றுவிட்டு, ஆதாரிலிருந்து வாக்காளர் அட்டை வரை பெங்களூர் விலாசமாகிவிட்டவருக்கு எந்த கிராம நிர்வாக அதிகாரி எழுதித் தருவார்? அப்படிப்பட்டவருக்கு இங்கேயுள்ள 'ஏ', 'பி' விதிகள்தான் கதி. நடுவில் மாட்டிக்கொள்பவர் பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் வந்தவர். அவருடைய பிள்ளைக்கு இங்கே ஆறு வருடம்; அங்கே பூர்விகச் சான்று இழுபறி.

ஜாதிச் சான்றிதழ் விஷயமும் இப்படியே. தமிழ்நாட்டில் வாங்கிய சான்றிதழ் இங்கே இட ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. ஒரு மாநிலத்தின் தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் உள்ளவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கே அந்தச் சலுகையைக் கோர முடியாது என்று 1990ல் மரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1950ஆம் ஆண்டு ஜனாதிபதி உத்தரவுக்கு முன்பே மைசூர் ராஜ்யத்தில் குடியேறிய குடும்பங்களின் நிலை வேறு. அதற்குத் தாத்தா காலத்துப் பத்திரமோ பள்ளிப் பதிவோ காட்ட வேண்டும். பிற்படுத்தப்பட்டோர் பட்டியலும் இங்கே 1, 2ஏ, 2பி, 3ஏ, 3பி என்று தனி. நாடகச்சேரியில் விண்ணப்பித்து வாங்கும் சான்றிதழில் உள்ள ஆர்.டி. எண்ணைத்தான் நுழைவுத் தேர்வு விண்ணப்பம் கேட்கிறது.

சமீப காலமாக இன்னொரு பேச்சும் குமாஸ்தா வீடுகள் வரை வந்திருக்கிறது. "இங்கே லட்சம் கொடுப்பதற்கு ஜெர்மனிக்கே அனுப்பலாமே, அங்கே பீஸ் இல்லையாம்." அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை என்பது சரிதான், ஆனால் பாடன் வுர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் வெளிநாட்டவரிடம் அரை வருடத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ஆனால் இளநிலைப் படிப்புகள் அநேகமாக ஜெர்மன் மொழியில்தான். நம் பன்னிரண்டாம் வகுப்பு மட்டும் அங்கே நேரடிச் சேர்க்கைக்குப் போதாது. இங்கே கல்லூரியில் ஒரு வருடம் முடித்திருக்க வேண்டும், அல்லது ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேறியிருக்க வேண்டும், அல்லது அங்கே போய் ஆயத்த வகுப்பில் உட்கார வேண்டும். 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்கள் ஏ.பி.எஸ். என்ற சான்றிதழ்ச் சரிபார்ப்பை முடித்தால்தான் விசா. வருடச் செலவுக்கென்று வங்கியில் முடக்கிக் காட்ட வேண்டிய தொகை 2024 செப்டம்பர் முதல் 11,904 யூரோ; பத்து லட்சம் ரூபாய்க்கு மேல். இந்திராநகர் மாக்ஸ்முல்லர் பவனில் ஜெர்மன் படிக்கும் பிள்ளைகள் இதையெல்லாம் அறிந்தே போகிறார்கள். கமிஷன் ஏஜெண்டுகள் 'பீஸ் இல்லை' என்பதை மட்டும் பெரிய எழுத்தில் போடுகிறார்கள்.

இனிஷியல் தொல்லை

கடைசியாக ஒரு சின்ன விஷயம். ஆனால் சரிபார்ப்பு நாளில் அதிகம் பேரைத் திருப்பி அனுப்புவது இதுதான். தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பனார் பெயரின் முதல் எழுத்தே இனிஷியல். ஊர்ப் பள்ளியில் 'கே. முருகன்' என்று எழுதியிருப்பார்கள். பெங்களூர்ப் பள்ளியில் 'முருகன் கே.' ஆகும், ஆதாரில் 'முருகன் குப்புசாமி', பாங்க் புத்தகத்தில் வேறொன்று. தாயார் பெயர் செல்வியா, தமிழ்ச்செல்வியா என்பதில் ஊர்ச் சான்றிதழும் இங்கத்திய சான்றிதழும் ஒத்துப்போகாது. ஆங்கில எழுத்தில் ஒரு 'எச்' கூடக் குறைய வந்தாலும் கணினி வேறு ஆள் என்கிறது. நுழைவுத் தேர்வு விண்ணப்பத்தில் பெயரும் பிறந்த தேதியும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் உள்ளபடி இருக்க வேண்டும். எனவே எஸ்.எஸ்.எல்.சி. தேர்வுக்குப் பெயர் அனுப்புவதற்கு முன், பள்ளியில் சரிபார்க்கச் சொல்லிக் கொடுக்கும் அந்தத் தாளில், பிள்ளையைக் கையெழுத்துப் போட விட்டுவிடாமல், தகப்பனாரோ தாயாரோ ஒருநாள் லீவு போட்டுவிட்டுப் போய், ஆதாரையும் பிறப்புச் சான்றிதழையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அச்சாகி வந்த பிறகு திருத்துவதென்றால் தலைமை ஆசிரியர், பி.இ.ஓ., தேர்வு வாரியம் என்று மூன்று இடம் ஏற வேண்டும். அதற்குள் கலந்தாய்வின் முதல் சுற்று முடிந்துவிடும்.